இருபது என்று எழுதச் சொன்னார்கள்

கேள்வி: வணக்கம் மேம். நான் பி.எஸ்ஸி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன மாதம் ஆண்கள் சர்ஜிக்கல் வார்டில் போஸ்டிங். எனக்குக் கொடுத்த ஐந்து பேரில் ஒரு தாத்தா, வயது 64. குடலில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் செய்து நான்காவது நாள். காலையில் ஸ்பாஞ்ச் பாத் கொடுக்கப் போனேன். ஒருக்களித்துப் படுக்க வைத்தால், "வேணாம் பாப்பா, மூச்சு முட்டுது" என்றார். போர்வையை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். மூச்சை ஒரு நிமிடம் எண்ணினேன், 26 வந்தது. பல்ஸ் 104, பி.பி. 118/70, டெம்பரேச்சர் 99.8, ரத்தத்தில் ஆக்ஸிஜன் சாச்சுரேஷன் 95. ஸ்டாஃப் சிஸ்டரிடம் போய், "தாத்தா ஒரு மாதிரியா இருக்கார் சிஸ்டர், மூச்சு 26 வருது" என்றேன். அவர் இன்ஜெக்‌ஷன் போட்டுக்கொண்டே, "சாச்சுரேஷன் நல்லாத்தானே இருக்கு, வலியில அப்படித்தான் இருக்கும், 20-ன்னு எழுதிட்டுப் போம்மா" என்றார். எழுதிவிட்டேன். மறுநாள் போனால் பெட் காலி. ராத்திரி மூன்று மணிக்கு ஐ.சி.யூ.வுக்கு மாற்றிவிட்டார்களாம். நிமோனியா, வெண்டிலேட்டரில் இருக்கிறார் என்கிறார்கள். என்னால்தான் இப்படி ஆனதா? பெட் மேக்கிங், ஸ்பாஞ்ச் பாத், முதுகுக்குப் பேக் கேர், மவுத் கேர் என்று வெறும் பேஸிக் கேரே செய்துகொண்டிருந்தால் நோயாளியின் நிலைமையைக் கணிக்கிற கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட் எப்போது வரும்? பெரியவர்களிடம் எப்படிச் சொன்னால் காது கொடுப்பார்கள்? அடுத்த வாரம் எலும்பு வார்டில், ஆர்த்தோ போஸ்டிங்.

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

தாத்தாவுக்கு நிமோனியா வந்தது உன்னால் இல்லை. நீ எண்ணியபோதே அது நெஞ்சில் குடியேறியிருந்திருக்கும். ஆனால் 26 எண்ணிவிட்டு 20 என்று எழுதியது உன் கை. அந்த ஒன்றுக்கு நீ பொறுப்பு. சொன்னவருக்கும் பங்கு உண்டு, அதை மறைக்கவில்லை. என்றாலும் பேனா உன்னிடம் இருந்தது. ஆறுதலாக நாலு வார்த்தை எழுதி அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்தால் நீ இன்னும் பத்து நாள் தூங்க மாட்டாய். எது உன்னுடையது, எது உன்னுடையது இல்லை என்று பிரித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும்.

அந்த 20-இலிருந்தே ஆரம்பிக்கிறேன். நம் வார்டுகளில் பாதிப் பேருக்கு மூச்சு 20, மீதிப் பேருக்கு 18. நான் நர்சிங் மாணவிகளுக்கு டியூட்டராக இருந்த காலத்தில் ஒரு நாள் காலை 40 பெட் சார்ட்டையும் வரிசையாகப் புரட்டினேன். 37 பேருக்கு ஒரே எண். இழுப்போடு உட்கார்ந்திருந்தவருக்கும் 20, குறட்டை விட்டுத் தூங்கியவருக்கும் 20. யாரும் எண்ணவில்லை. டெம்பரேச்சருக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, பி.பி.க்கு அப்பரேட்டஸ் இருக்கிறது, சாச்சுரேஷனுக்கு விரலில் மாட்டுகிற கிளிப். மூச்சுக்கு மட்டும் கருவி இல்லை. ஒரு மனுஷி ஒரு நிமிடம் நின்றாக வேண்டும். 40 பேருக்கு இரண்டு சிஸ்டர் இருக்கிற வார்டில் அந்த ஒரு நிமிடம்தான் முதலில் காணாமல் போகிறது. உன் சிஸ்டரை நான் கெட்டவராகப் பார்க்கவில்லை. அவர் இடத்தில் பல வருடம் நின்றவள் நான்.

இப்போது உன் எண்களையே எடுத்துக்கொள். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, ‘நியூஸ்’ என்பார்கள். நோயாளி மோசமாகப் போகிறாரா என்பதை மூச்சு, பல்ஸ், பி.பி. போன்ற வைட்டல்ஸ் வைத்தே கணக்குப் போட்டுச் சொல்கிற முறை. உன் வார்டு சார்ட்டில் அது இல்லாமல் இருக்கலாம், கணக்கைக் கற்றுக்கொள்ளத் தடை இல்லை. மூச்சு 25-ஐத் தொட்டாலே 3 மதிப்பெண். சாச்சுரேஷன் 94, 95 என்றால் 1. பல்ஸ் 91 முதல் 110 வரை 1. தாத்தாவின் பி.பி., டெம்பரேச்சர், நினைவு மூன்றுக்கும் பூஜ்யம். ஆக மொத்தம் 5. ஐந்து வந்தால் டாக்டர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும், மணிக்கு ஒரு தடவையாவது வைட்டல்ஸ் பார்க்க வேண்டும் என்கிறது அந்த முறை. அதே தாத்தாவுக்கு மூச்சை 20 என்று போட்டுப் பார். மொத்தம் 2. ‘பரவாயில்லை, மதியம் பார்க்கலாம்’ என்கிற கூட்டத்தில் போய்விடுவார். நோயாளி மாறவில்லை, காகிதம் மாறிவிட்டது. மதியம் வந்த சிஸ்டரும் இரவு வந்த டியூட்டி டாக்டரும் பார்த்தது அந்தக் காகிதத்தை.

இன்னொன்றும் இருக்கிறது. அவருக்கு முந்தின நாள் மூச்சு எத்தனை? சார்ட்டில் 20 இருந்திருக்கும். அதுவும் எண்ணியதா, எழுதியதா? தெரியாது. பொய் எண் அன்றைக்கு மட்டும் கெடுப்பதில்லை, மறுநாள் ஒப்பிட்டுப் பார்க்கிறவளுடைய கண்ணையும் கட்டிவிடும். ஏற்றமா இறக்கமா என்று தெரிந்தால்தானே எண்ணுக்கு அர்த்தம்.

"சாச்சுரேஷன் நல்லாத்தானே இருக்கு" என்று சிஸ்டர் சொன்னாரே, அதை வார்டில் தினமும் கேட்பாய். ஏன் அது போதாது என்று புரிந்துகொள். நுரையீரலில் ஒரு பகுதி சளி கட்டி வேலை செய்யாமல் போனால், உடம்பு உடனே கையை விரித்துவிடாது. மீதிப் பகுதியை வைத்து வேகமாக மூச்சு விட்டுச் சமாளிக்கும். அந்த 95-ஐ அவர் சும்மா வைத்திருக்கவில்லை, நிமிடத்துக்கு 26 மூச்சு விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். தசை களைத்துப்போகும் நேரத்தில்தான் கிளிப்பில் எண் சரியும், அநேகமாக அது நடுராத்திரியாக இருக்கும். மூச்சு வேகமாவதற்கு நுரையீரல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. கிருமி ரத்தத்தில் பரவினாலும், சர்க்கரை ஏறி ரத்தத்தில் அமிலம் சேர்ந்தாலும், உள்ளே ரத்தம் கசிந்தாலும், சிறுநீரகம் நின்றாலும் உடம்பு அந்த அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியே தள்ளப் பார்க்கும். அப்போது சாச்சுரேஷன் 99 காட்டும், மூச்சு 30 ஓடும். கிளிப்பை நம்பி உட்கார்ந்தால் ஏமாந்துபோவோம். கை சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு போட்டிருந்தாலும் கிளிப்பே தப்பாகக் காட்டும் என்பது தனிக் கதை. கறுத்த தோலில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் நினைவில் வை.

எண்ணும் முறை உனக்குத் தெரியும், ஆனாலும் ஒரு தடவை சொல்கிறேன். "மூச்சு எண்ணப் போறேன் தாத்தா" என்று சொல்லிவிட்டு எண்ணாதே, சொன்னதுமே அவர் மூச்சை மாற்றிவிடுவார். பல்ஸ் பார்த்து முடித்ததும் விரலை மணிக்கட்டிலிருந்து எடுக்காமல் கண்ணை மட்டும் நெஞ்சுக்கு மாற்று. போர்த்தியிருந்தால் அவர் கையையே வயிற்றின் மேல் வைத்துப் பிடித்துக்கொள், ஏறி இறங்குவது தெரியும். 15 நொடி எண்ணி நாலால் பெருக்காதே. ஒரு மூச்சு தவறினால் நாலு தவறும். முழு நிமிடம் நில். நிற்கிற அந்த நிமிடத்தில் மூக்கு விரிகிறதா, கழுத்துத் தசை இழுக்கிறதா, காரை எலும்புக்கு மேலே பள்ளம் விழுகிறதா, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசி முடிக்கிறாரா என்றும் பார். "சாப்பிட்டீங்களா தாத்தா?" என்று கேட்டால் "ரெண்டு... இட்லி... சாப்ட்டேன்" என்று மூன்று தவணையில் பதில் வந்தால் எண்ணி முடிப்பதற்கு முன்பே உனக்கு விஷயம் தெரிந்துவிடும். நொடி முள் இருக்கிற கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள். வார்டில் செல்போனை எடுத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விளக்கேற்று விழாவில் நீயும் கையில் விளக்கு பிடித்திருப்பாய். நவீன நர்சிங்குக்கு வித்திட்ட அந்த நைட்டிங்கேல் அம்மையார் விளக்கு பிடித்ததைத்தான் நாம் படம் போட்டு மாட்டியிருக்கிறோம். அவர் எண்ணிக்கைக்காரி. கிரிமியப் போரில் எத்தனை சிப்பாய்கள் காயத்தால் செத்தார்கள், எத்தனை பேர் ஆஸ்பத்திரிச் சுகாதாரக் கேட்டால் செத்தார்கள் என்று கணக்கெடுத்து அரசாங்கத்தின் முன்னால் வைத்தவர். லண்டன் புள்ளியியல் கழகம் 1858-இல் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது அவரைத்தான். அந்த அம்மையார் வார்டுக்கு வந்து நம் 20-களைப் பார்த்திருந்தால் விளக்காலேயே அடித்திருப்பார்.

சரி, உன் இரண்டாவது கேள்வி. ‘வெறும் பேஸிக் கேர்’ என்று எழுதியிருந்தாய். அந்த ‘வெறும்’தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

தாத்தாவுக்கு மூச்சு முட்டுகிறது என்பது உனக்கு எப்படித் தெரிந்தது? சார்ட்டைப் பார்த்தா? ஸ்பாஞ்ச் பாத்துக்காக ஒருக்களிக்க வைத்தபோது தெரிந்தது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவரைக் கட்டில் காலடியில் நின்று பார்த்துவிட்டுப் போன யாருக்கும் அது தெரியவில்லை. உன் கைக்கு மட்டும்தான் தெரிந்தது. அதன் பிறகுதான் நீ எண்ணவே ஆரம்பித்தாய். கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட் எப்போது வரும் என்று கேட்கிறாய், அன்றைக்குக் காலையிலேயே வந்துவிட்டது பெண்ணே. நீதான் அதை நம்பவில்லை.

என் கதை ஒன்று சொல்கிறேன். 1988, நான் டிப்ளமோ மூன்றாம் ஆண்டு, ஒரு ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு, நைட். குழந்தை பிறந்து இரண்டு மணி நேரமான ஒரு பெண்ணுக்கு பி.பி. பார்த்தேன், 110/70. பல்ஸ் 110. பி.பி. நன்றாக இருக்கிறது, பிரசவக் களைப்பில் பல்ஸ் ஓடுகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் துணி மாற்ற வந்த ஆயாம்மா கூப்பிட்டார், "பாப்பா, இங்க வந்து கைய விட்டுப் பாரு." இடுப்புக்குக் கீழே கையை விட்டேன். ரப்பர் ஷீட்டின் பள்ளத்தில் ரத்தம் குளம் கட்டியிருந்தது. மேலே பேடில் அவ்வளவாக ஒன்றும் இல்லை, எல்லாம் முதுகுப் பக்கமாக வழிந்திருந்தது. சிஸ்டர் ஓடி வந்து அடிவயிற்றைத் தேய்த்துக் கர்ப்பப்பையை இறுக வைத்தார், டாக்டர் வந்தார், ஊசி, ரத்தம், எல்லாம் நடந்தது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். பி.பி. விழுவதற்கு முன்னால் பல்ஸ் ஏறும் என்று நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். படிக்காத ஆயாம்மாவுக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை? துணி மாற்றுகிற வேலை அவரிடம் இருந்தது. நான் அந்த வேலையைவிட மேலே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

குளிப்பாட்டுவதையும் ஊட்டுவதையும் திருப்பிப் படுக்க வைப்பதையும் நாம் நோயாளியோடு வந்தவர்களிடமும் ஆயாம்மாவிடமும் விட்டுவிட்டோம். ஆள் பற்றாக்குறை, வேறு வழியில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலையோடு சேர்த்துக் கண்ணையும் கொடுத்துவிட்டோம். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள். நோயாளிக்குத் துணையாக இருக்கிற சொந்தக்காரரிடம் தினமும் கேள்: "நேத்துக்கும் இன்னிக்கும் அவருகிட்ட என்ன மாறியிருக்கு பாட்டி?" "ராவெல்லாம் தூங்கல, எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துக்கிட்டாரு" என்று அந்தப் பாட்டி சொல்லியிருப்பார். கேஸ் ஷீட்டில் வராத செய்தி அது. போர்வையை இழுத்துக்கொண்டே இருந்தார் என்று நீயே எழுதியிருக்கிறாய். காரணமில்லாமல் நிலைகொள்ளாமல் தவிப்பது ஆக்ஸிஜன் குறைகிறதற்கு ஆரம்ப அடையாளம். ‘தொந்தரவு பண்றார்’ என்று பெயர் வாங்குகிற நோயாளியிடம் ஒரு தடவை கூடுதலாகப் போய் நில்.

வயிற்று ஆபரேஷன் ஆனவருக்கு நிமோனியா ஏன் வருகிறது என்று யோசித்துப் பார். தையல் வலிக்கும் என்று ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார், இரும மாட்டார், மல்லாந்தே கிடப்பார். நுரையீரலின் அடிப்பகுதி காற்றில்லாமல் சுருங்கும், சளி தேங்கும். வாயைச் சுத்தம் செய்யாவிட்டால் வாயிலிருக்கிற கிருமி எச்சிலோடு கீழே இறங்கும். இதைத் தடுக்க என்ன செய்ய வேண்டும்? வலி மருந்தை நேரத்துக்குக் கொடுத்து, எழுப்பி உட்கார வைத்து, தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடிக்கச் சொல்லி இருமச் சொல்ல வேண்டும். மணிக்குப் பத்துத் தடவை ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்ல வேண்டும். பல் தேய்த்துவிட வேண்டும். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கட்டிலைச் சுற்றி நாலு எட்டு நடக்க வைக்க வேண்டும். நீ ‘வெறும்’ என்று எழுதிய பட்டியலும் இதுவும் ஒன்றுதானே! நர்சிங் அறிஞர் வர்ஜீனியா ஹெண்டர்சன் சொன்ன, நோயாளியின் பதினான்கு தேவைகளை மனப்பாடம் செய்திருப்பாய். முதலாவது என்ன? இயல்பாக மூச்சு விடுதல்.

மற்றதையும் அப்படியே பார். பேக் கேர் கொடுக்கும்போது புட்டத்து எலும்பு மேலும் குதிகாலிலும் விரலை வைத்து அழுத்திப் பார்க்கிறாயா? புத்தகத்தில் படுக்கைப் புண்ணின் முதல் நிலை என்று போட்டிருக்கிற சிவப்பு, வெள்ளைக்காரத் தோலின் சிவப்பு. நம் நிறத்தில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கும், கல் மாதிரியோ கொழகொழவென்றோ இருக்கும், தொட்டால் வலிக்கிறது என்பார், நிறம் கொஞ்சம் கருநீலமாகத் தெரியும். பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டுப் போனால் இது கிடைக்காது. அப்படிப்பட்ட இடத்தை அழுத்தித் தேய்க்கவும் கூடாது. பெட் மேக்கிங் செய்யும்போது தலையணைக்குக் கீழே முழுங்காத மாத்திரை கிடக்கும். சர்க்கரைக்காரர் காலைத் துடைக்கும்போது விரல் இடுக்கைப் பார். இரண்டு கெண்டைக்காலில் ஒன்று மட்டும் தடித்துச் சூடாக இருந்தால் தேய்த்துவிடாதே, சொல்லிவிடு, உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். யூரின் பேக்கைக் காலி செய்யும்போது 50 கிலோ ஆளுக்கு மணிக்கு 25 மில்லியாவது இறங்கியிருக்க வேண்டும் என்ற கணக்கு மனதில் ஓடட்டும். ஆறு மணி நேரத்தில் 80 மில்லி இருந்தால் ‘80’ என்று எழுதிவிட்டு நகரக் கூடாது.

அமெரிக்க நர்சிங் பேராசிரியர் கிறிஸ்டீன் டானர் 2006-இல் இந்தக் கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட்டை நாலு படியாகச் சொன்னார்: கவனிப்பது, அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிப்பது, செய்வது, பிறகு திரும்பிப் பார்ப்பது. நீ முதல் படியைச் சரியாக ஏறினாய். இரண்டாவதில் பாதி. மூன்றாவதில் சறுக்கினாய். எனக்கு எழுதிய கடிதம் நாலாவது. எடுத்த எடுப்பில் முதுநிலை சிஸ்டர் மாதிரி உள்ளே நுழைந்ததும் ‘இவர் சரியில்லை’ என்று உனக்குத் தோன்றாது. இன்னொரு நர்சிங் பேராசிரியர் பாட்ரிசியா பென்னர் 1984-இலேயே எழுதினார், புதிதாக வருகிறவர் விதியையும் எண்ணையும் பிடித்துக்கொண்டுதான் நடப்பார், அனுபவம் ஏற ஏறத்தான் ஆளை முழுதாகப் பார்க்க வரும் என்று. எண்ணைப் பிடித்துக்கொண்டு நடப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. பிடித்த எண்ணை விட்டதுதான் பிசகு.

இரண்டாவது படியில் என்ன செய்திருக்கலாம்? 26 வந்ததும் இன்னொரு ஐந்து நிமிடம் எடுத்திருக்கலாம். தலைப்பக்கத்தைத் தூக்கி உட்கார வைத்து மறுபடி எண்ணு. வலியா என்று அவரிடமே கேள். வலி என்றால் எங்கே, மூச்சு இழுக்கும்போது குத்துகிறதா. சளி வருகிறதா, என்ன நிறம். வயிறு உப்பியிருக்கிறதா, தொட்டால் பலகை மாதிரி இருக்கிறதா, ஏனென்றால் நான்காவது ஐந்தாவது நாளில் தையல் போட்ட குடல் கசிவதும் உண்டு. வயிற்றில் வைத்த டிரெயின் குழாயில் என்ன வருகிறது, யூரின் எவ்வளவு. நோயைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிப்பது உன் வேலை இல்லை. டாக்டர் வந்து கேட்கிற முதல் ஐந்து கேள்விக்குப் பதில் உன் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வலியாகவும் இருக்கலாம் என்று சிஸ்டர் சொன்னது தப்பே இல்லை. வலியால்தான் என்றால் வலி மருந்து கொடுத்து அரை மணி கழித்து எண்ணினால் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அது வலி மட்டும் இல்லை. யாரும் திரும்ப எண்ணவில்லை என்பதுதான் என் வருத்தம்.

எப்படிச் சொல்வது என்று கேட்டாயே. "தாத்தா ஒரு மாதிரியா இருக்கார்" என்று சொன்னாய். ஊசி போட்டுக்கொண்டிருக்கிறவருக்கு ‘ஒரு மாதிரி’ காதில் ஏறாது. அந்த வார்டில் 40 பேரும் ஒரு மாதிரிதான். கையிலிருக்கிற ஊசியை அவர் போட்டு முடிக்கும் வரை பக்கத்தில் நில், நடுவில் பேசினால் அவர் கை தவறும். பிறகு சொல்:

"சிஸ்டர், 14-ஆம் பெட் தாத்தா, குடல் ஓட்டை ஆபரேஷன், நாலாம் நாள். மூச்சு முழு நிமிஷம் ரெண்டு தடவை எண்ணினேன், 26. பல்ஸ் 104, சாச்சுரேஷன் 95. சாய்ச்சுப் படுக்க வெச்சா மூச்சு முட்டுதுங்கிறார், ராத்திரி தூங்கலையாம். வலி மட்டும் இல்லைன்னு எனக்குத் தோணுது. உட்கார வெச்சிருக்கேன். நீங்க ஒரு தடவை வந்து பாருங்க சிஸ்டர், டியூட்டி டாக்டர்கிட்ட சொல்லணுமான்னு."

அரை நிமிடம்கூட ஆகாது. யார், என்ன பின்னணி, நீ என்ன பார்த்தாய், என்ன வேண்டும். ‘எஸ்பார்’ (SBAR) என்று வகுப்பில் நடத்தியிருப்பார்களே, அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பழக்கம், அதுதான் இது. கடைசியில் என்ன வேண்டும் என்று கேட்பதைத்தான் நம் பெண்கள் விழுங்கிவிடுகிறார்கள். கேட்டால் மரியாதைக் குறைவு என்று வளர்த்திருக்கிறோம். "வந்து பாருங்க சிஸ்டர்" என்பதில் மரியாதை எங்கேயும் குறையவில்லை.

அதற்குப் பிறகும் "20-ன்னு எழுது" என்றால்? சண்டை போடாதே, எழுதவும் எழுதாதே. "நான் எண்ணினது 26 சிஸ்டர், அதையே எழுதிடறேன், நீங்க ஒரு தடவை எண்ணிப் பாருங்க" என்று தாழ்ந்த குரலில் சொல். முறைப்பார்கள், முறைக்கட்டும். கால் மணி கழித்து மறுபடி எண்ணிப் புது எண்ணோடு போ. அதுவும் பலிக்கவில்லை என்றால் உன் டியூட்டரிடம் அப்போதே, அந்த வார்டிலேயே சொல். மாலை ஹாஸ்டலில் தோழியிடம் சொல்லி அழுவதில் நோயாளிக்கு ஒன்றும் இல்லை. எண்ண நேரமில்லாத நாளும் வரும். அன்றைக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடு. திட்டு வாங்குவாய். காலிக் கட்டத்தைப் பார்த்து யாராவது எண்ணுவார்கள், 20-ஐப் பார்த்து யாரும் எண்ண மாட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பழைய சார்ட்டை எடுத்துத் திருத்த நினைக்காதே, அது இன்னொரு தப்பு. உன் டியூட்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல், 20 எழுதியதையும் சேர்த்து. சிஸ்டர் மேல் புகாராகச் சொல்லாதே, உன் தவறாகச் சொல். நல்ல டியூட்டர் என்றால் அடுத்த நாள் காலை எல்லோரையும் நிறுத்தி மூச்சு எண்ண வைப்பார். அனுமதி வாங்கிக்கொண்டு ஐ.சி.யூ.வில் தாத்தாவையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வா.

கண்ணைப் பழக்குவதற்கு நான் மாணவிகளுக்குக் கொடுத்த ஒரு பயிற்சி உண்டு. ஒரு டியூட்டிக்கு ஒரே ஒரு நோயாளி. சார்ட்டைத் திறக்காமல் கட்டில் காலடியில் ஒரு நிமிடம் நின்று பார்த்து, மூச்சு எத்தனை இருக்கும் என்று மனதுக்குள் ஊகித்துக்கொள், பிறகு எண்ணு. கிளம்பும்போது, ‘இன்று ராத்திரி இவருக்கு என்ன கெடுதல் வரலாம், வந்தால் முதலில் எது மாறும்’ என்று ஒரு வரி நோட்டில் எழுது. பெயர், பெட் நம்பர் எதுவும் எழுதாதே. மறுநாள் போய்ச் சரிபார். முதல் மாதம் முழுக்கத் தப்பாகத்தான் வரும்.

அடுத்த வாரம் ஆர்த்தோ என்றாய். மாவுக்கட்டு போட்ட கால், கை எல்லாம் இருக்கும். காலைத் துடைத்துவிடும்போது கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்களைத் தொட்டுப் பார், சூடு இருக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் நிறம் இரண்டு நொடிக்குள் திரும்புகிறதா, மரத்துப்போயிருக்கிறதா. அவரையே விரலை அசைக்கச் சொல். நீயும் மெதுவாக ஒரு விரலை நீட்டிப் பார். அப்போது உயிர் போகிற மாதிரி கத்தினால், வலி ஊசி போட்டும் வலி அடங்கவில்லை என்றால், கட்டுக்குள் தசை வீங்கி ரத்த ஓட்டத்தை நெரிக்கிறதோ என்று பயப்பட வேண்டும். பல்ஸ் கிடைக்கிறதே என்று ஆறுதல் அடையாதே, பல்ஸ் போவது கடைசியில்தான், அதற்குள் கால் போய்விடும். "இந்த ஆளு சும்மா கத்துவாரும்மா, நேத்துலேர்ந்து இப்படித்தான்" என்று யாராவது சொல்வார்கள். மணி பார்த்துக் குறித்துக்கொண்டு சிஸ்டரிடம் போ.